நாலு விரல் தடம்

துரிஞ்சிமலையின் ஏழு ஊருக்கும் பொதுவான காலடிப் பாறையில், ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, முந்தின நாள் வரை இல்லாத ஓர் இடதுகால் தடம் புதிதாகப் பதிந்திருந்தது. முதலில் பார்த்தவள் ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண். அவள் கத்தவில்லை, கும்பிடவும் இல்லை. ஆடுகள் அதில் புழுக்கை போட்டுவிடாமல் சுற்றி ஓட்டிவிட்டு, கீழே ரேஷன் கடைக்கு இறங்கி வந்து, மண்ணெண்ணெய் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில், "பாறையில நம்ம வேடியப்பன் காலு பதிஞ்சிருக்குது" என்றாள். வரிசையில் நின்றவர்கள் இடம் போய்விடக் கூடாது என்று பையையும் செருப்பையும் வரிசையிலேயே போட்டுவிட்டு ஏறிப்போய்ப் பார்த்தார்கள். குதிகாலில் மூன்று வெடிப்பு, உள்ளங்காலில் நல்ல வளைவு, விரல் நான்கு; சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் கல் வழுவழுவென்று மூடியிருந்தது. மலையில் ஆயிரத்துச் சொச்சம் ஜனம் உண்டு, நாலு விரல் இடதுகால் ஒன்றே ஒன்றுதான். ஆகவே அது யார் கால் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

துரிஞ்சிமலைக்குப் பட்டக்காரர் என்று ஒருவர் உண்டு. வரப்புத் தகராறோ, பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் மனத்தாங்கலோ, எதுவானாலும் அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பன் போனால் மகன் என்று தானாக வந்து மடியில் விழுகிற பதவி இல்லை அது; ஒரே முப்பாட்டன் வழிவந்த நாலு தலைமுறைப் பங்காளிகளில் எவன் வேண்டுமானாலும் வரலாம், மகனும் வரலாம், தம்பியும் வரலாம், சித்தப்பன் பேரனும் வரலாம்; ஆனால் இருக்கிறவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்தவனைச் சபை கூடிப் பொறுக்கிவிட வேண்டும், இழவு வீட்டில் உட்கார்ந்து பதவி பேசுகிறவன் வாய் கோணிக்கொள்ளும் என்று இந்த ஜனம் நம்பியது. பொறுக்கப்பட்டவனுக்கு இளம்பட்டம் என்று பேர். அவன் வெள்ளைக் கோலைக் கையில் பிடித்து, முன்னோர் காலெல்லாம் அழுந்தித் தேய்ந்த பழைய வலதுகால் தடத்தில் தன் வலதுகாலை வைத்து நிற்க வேண்டும். உடம்பில் குறை இருக்கக் கூடாது, காது மடல் கிழிந்திருந்தாலும் ஆகாது. இதற்கு விலக்கு ஒன்றே ஒன்றுதான்: பங்காளி ஒருவனைக் காப்பாற்றப் போய் இழந்த உறுப்பு குறையில் சேராது, நகையில் சேரும். ஆனால் அதைக் கண்ணால் பார்த்த ஒருவர் கோலைத் தொட்டுச் சபையில் சொல்லியாக வேண்டும்.

வேடியப்பனின் சுண்டுவிரல் அப்படிப்பட்ட நகைதான். அவனுக்கு ஐந்து மாதமாக இருந்தபோது பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தகப்பன் கீழ்நாட்டுச் செங்கல் சூளைக்குப் போனவன் போனவன்தான். பெரியப்பன் பெண்டாட்டி மங்காயிக்கு அப்போது தன் மகன் சென்றாயன் பிறந்து ஒரு மாதம். ஒரு பக்கம் அவனுக்கும் ஒரு பக்கம் இவனுக்குமாகக் கொடுத்து வளர்த்தாள். குளிப்பாட்டும்போது இரண்டு பேர் கால்விரலையும் எண்ணி எண்ணி எண்ணெய் நீவுவாள். சென்றாயனின் இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை இழுத்து இழுத்து நேராக்கப் பார்ப்பாள், அது மறுபடி ஏறிக்கொள்ளும். இருவருக்கும் பதின்மூன்று வயது நடந்தபோது, சாமைக் கொல்லைக்குக் காவலுக்குப் போகிற வழியில், காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்திருந்த இரும்புப் பொறி புல்லுக்குள் வாயைப் பிளந்து கிடந்ததைப் பின்னால் வந்த வேடியப்பன் பார்த்தான், முன்னால் ஓடிய சென்றாயன் பார்க்கவில்லை. சொல்வதற்கு நேரமில்லாமல் இவன் பாய்ந்து அவனைத் தள்ளினான். பொறி இவன் இடதுகாலைக் கடித்தது. மங்காயி கடப்பாரையோடு ஓடிவந்து பொறியை நெம்பித் திறந்து, சேலையைக் கிழித்துக் கட்டி, மலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவனைத் தோளில் சுமந்து இறங்கினாள். "எம் பையன் காலுக்கு உங்காலைக் குடுத்துட்டயே சாமி, எந்தச் சபையில கேட்டாலும் நாஞ் சொல்லுவேன், ஒலகத்துக்கே சொல்லுவேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வேடியப்பன் வலியில் அரை மயக்கமாக இருந்தாலும் அந்த வார்த்தை மட்டும் அவன் காதில் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, மரவள்ளிக் காடும் பத்துப் பலா மரமும் உண்டு, சாப்பாடு இன்னும் பெரியம்மா வீட்டில்தான். தடம் பதிந்த மூன்றாவது நாள், சேட்டைக்கார ஆடு ஒன்று அதைத் தாண்டும்போது நக்கிவிட்டுப் போக, இரண்டு மைல் தள்ளி மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த வேடியப்பன் கூச்சம் தாங்காமல் உட்கார்ந்து சிரித்தான். இப்படித்தான் பாறையில் இருப்பது வெறும் தடமில்லை, அவன் காலேதான் என்பது ஊருக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா. மலையில் செல்போன் கோபுரம் கிடையாது, ஆகவே வேடியப்பனிடம் சேதி சொல்ல வேண்டியவர்கள் பாறைக்குப் போய்க் குதிகாலில் மூன்று தட்டுத் தட்டினார்கள், அவன் எங்கிருந்தாலும் வந்து நின்றான். பலா ஏறப் பயந்த கிழவர்கள் இரண்டு தட்டு, மாடு சினைக்கு நின்றால் நாலு தட்டு என்று தனித்தனி முறைகூட ஏற்பட்டது. மழைநாளில் தடத்தில் தண்ணீர் நின்றால் அவனுக்குச் சளி பிடிக்கிறது என்று யாரோ இரக்கப்பட்டு ஓட்டை வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் மங்காயி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஏறிப்போய்க் கல்லின் குதிகால் வெடிப்பில் நீவிவிட்டு வருவாள். அன்று சாயங்காலம் அவன் கால் வெடிப்பு மூடி, பூத்த மாவாக மெத்தென்று இருக்கும். "எங்க இருந்தாலும் பெரியம்மா கை தெரியும்" என்று அவன் சொல்வான், அவளும் சிரிப்பாள்.

பாறையே காலைப் பதித்துக்கொண்டால் அதற்கு அர்த்தம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பட்டக்காரர் கரியராமனுக்கு எண்பது தாண்டி இளைப்பு வந்துவிட்டது. அவர் மூச்சு விடும் சத்தம் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். அதுவரை பதவியைப் பற்றி நினைத்தே பார்க்காத வேடியப்பன் மெல்ல மெல்ல நினைக்கத் தொடங்கினான். ஒற்றைக் கோவணமாகக் காட்டில் வேலை செய்தவன் வேட்டியைத் துவைத்துக் கட்ட ஆரம்பித்தான். இரண்டு பேர் சண்டை போட்டால் நின்று கேட்டான். பாறைமேல் நின்று ஏழு ஊரையும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று பலா மரத்து உச்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டான். ஆசைதான், இல்லையென்று சொல்வானேன். சென்றாயன் ஜீப் வைத்துப் பலாவும் மரவள்ளியும் கீழே கொண்டுபோகிறவன், ஆபீசுகளில் அவனைத் தெரியும், பேச்சுக்காரன். அவன்கூட ஒரு நாள் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து, "பட்டம் உனக்குத்தாண்ணா, பாறையே சொல்லிருச்சு, வெரலு கதையை அம்மா சொல்லும், நானும் சொல்றேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நாலு மாத மூப்புக்காகக் கூடுதலாக ஓர் 'அண்ணா' போட்டு.

அந்த இரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சென்றாயனின் ஜீப்பில் ஏறாதவர் மலையில் யாருமில்லை, அவ்வளவுதான். இளம்பட்டம் ஜீப் வைத்திருந்தால் பிரசவத்துக்கு நல்லதுதானே என்று ஒருவர் சொன்னார். கீழே போய்ப் பேசத் தெரிந்தவனாக இருந்தால் ரோடு வருமே என்று இன்னொருவர் சொன்னார். நாலு விரல்காரன் பாறைமேல் நின்றால் வெளியூரான் சிரிக்க மாட்டானா என்று மூன்றாமவர் கேட்டார். மங்காயி எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வேடியப்பனுக்குப் பரிமாறும்போது அவள் கை வழக்கத்தைவிட அதிகமாக நெய் ஊற்றியது. நெய் கூடினால் அன்பு கூடியது என்று எடுத்துக்கொண்டான் அந்த வெள்ளந்தி.

புரட்டாசியில் சபை கூடியது. நாலு தலைமுறைப் பங்காளிகள் முப்பத்திரண்டு பேர் பாறையடியில் வட்டமாக உட்கார, ஏழு ஊர் ஜனமும் சுற்றி நின்றது. கரியராமன் வெள்ளைக் கோலை மடிமேல் வைத்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, பாறை ஒருவனைக் காட்டியிருக்கிறது, ஆனால் அவனுக்கு விரல் குறைகிறது, அது குறையா நகையா என்று பார்த்தவர் வந்து சொல்லட்டும் என்றார். எல்லோரும் சென்றாயனைப் பார்த்தார்கள். அவன் சிக்னலே இல்லாத செல்போனைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தான். மங்காயிதான் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்துவந்து கோலைத் தொட்டாள்.

"வேடியப்பனுக்கு அந்த வெரலு எப்படிப் போச்சு மங்காயி, பாத்ததைச் சொல்லு" என்றார் பட்டக்காரர்.

"போகலீங்க. பொறக்கையிலயே அவனுக்கு நாலுதாங்க."

பதின்மூன்று வயது வரை ஐந்து விரலோடு அவன் ஓடியதை அங்கே பாதிப்பேர் பார்த்தவர்கள். அவனைச் சுமந்துகொண்டு அவள் மலையிறங்கியபோது கூடவே பந்தம் பிடித்து வந்தவர்கள்கூட அந்த வட்டத்தில் இருந்தார்கள். கரியராமன் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பாறையைக் காட்டி, அப்படியானால் அங்கே பதிந்திருக்கிறதே அது யார் கால் என்று கேட்டார்.

"அது ஆரு காலுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

நாலு நாளைக்கு முன்புதான் வெள்ளிக்கிழமை. அவள் நீவிய எண்ணெயின் மினுமினுப்பு வேடியப்பனின் குதிகாலில் அப்போதும் போகாமல் இருந்தது. அவன் அந்தக் காலை மற்ற காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், தப்பு செய்தவன் தானே என்கிற மாதிரி. வாய் திறந்து, இல்லை பெரியம்மா, பொறி, கடப்பாரை, சேலை என்று சொல்லியிருக்கலாம். தனக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாது என்பது சபையின் வழக்கம், அதைவிட, அவளைப் பொய்க்காரி என்று ஏழு ஊர் முன்னால் சொல்ல அவன் நாக்கு எழும்பவில்லை. பட்டம் போனது ஒரு பக்கம். பட்டத்தை எவன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். மயக்கத்திலும் அவன் காதில் தங்கிய அந்த வார்த்தையை, இருபத்திரண்டு வருஷமாகத் தன் சொத்து என்று அவன் நினைத்திருந்த அந்த ஒன்றை, அவள் வாயாலேயே இல்லையென்று ஆக்கிவிட்டாளே என்பதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது.

பாறையில் கால் முளைத்ததை எவ்வளவு சௌகரியமாக ஏற்றுக்கொண்டதோ அவ்வளவு சௌகரியமாக ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் மருத்துவச்சிக்கு ஞாபகம் வந்துவிட்டது, தொப்புள்கொடி அறுக்கும்போதே விரலை எண்ணிப் பார்த்து ஐயோ என்றாளாம். கிரகண நாளில் அவன் அம்மா அரிவாள்மணையைத் தொட்டது இன்னொருத்திக்கு நினைவு வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த ஐந்தாம் வகுப்புப் போட்டோ, வெறுங்காலோடு முன்வரிசையில் வேடியப்பன் நிற்கிற போட்டோ, சுவர் ஓதம் காப்பதாகச் சொல்லிக் கழற்றி வைக்கப்பட்டது. ஒருவர்கூட அவனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பலா ஏற வேண்டுமென்றால் பழையபடி பாறைக்குப் போய் இரண்டு தட்டுத் தட்டினார்கள், யார் காலென்று தெரியாத அந்தக் காலில். அவனும் பழையபடி வந்து நின்றான்.

இளம்பட்டம் சென்றாயனுக்கு என்று முடிவாயிற்று. ஐப்பசியில் கால் வைக்கிற நாள் குறித்தார்கள். ஏறி உட்கார்ந்த அவன் சுண்டுவிரலைச் சபை பார்த்தது, விரல் ஐந்து இருக்கிறதா, இருக்கிறது, ஏறினால் என்ன இறங்கினால் என்ன என்று விட்டுவிட்டது. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான்: வலதுகாலைப் பழைய தடத்தில் வைத்து நிற்கும்போது இடதுகால் தானாக அந்தப் புதுத் தடத்தின் மேல்தான் விழும், நாலு விரல் பள்ளத்தில் ஐந்து விரல் எப்படி அடங்கும். விட்டுவைத்தால் நாளைக்குப் பிறக்கிற பிள்ளை கேட்கும். அழித்துவிடலாம் என்றால், உளி முழுசாக விழுந்தால் வேடியப்பன் கால் என்ன ஆகுமோ என்று அதே ஜனத்துக்குப் பயம். அது அவன் காலில்லை என்று தீர்ப்புச் சொன்ன முப்பத்திரண்டு பேரும் இந்தப் பயத்தை வெட்கமில்லாமல் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில், ஒரு விரலைக் கூடுதலாகக் கொத்திவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்ல, அப்பாடா என்று எழுந்தார்கள். சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் சென்றாயனின் இடதுகாலை வைத்துக் கரியால் சுற்றி வரைந்து, கீழ்நாட்டுக் கல்தச்சர் ஒருவரிடம் அளவைக் கொடுத்தார்கள்.

வேடியப்பனிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை உச்சிப்பொழுது, மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தவனுக்கு, இல்லாத சுண்டுவிரலில் முதல் அடி விழுந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு பொறி கடித்த அதே இடம். அவன் கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் தவழ்ந்து போய்த் துண்டை வாயில் திணித்துக்கொண்டு படுத்தான். கல்தச்சர் நல்ல வேலைக்காரர், அவசரப்படாமல் பொடிப்பொடியாகக் கொத்துகிறவர். பத்தாவது அடியிலோ பதினைந்தாவது அடியிலோ வாசலில் நிழல் விழுந்தது. மங்காயி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, கீழே உட்கார்ந்து, அவன் இடதுகாலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உதறிவிடத்தான் நினைத்தான். ஆனால் அடுத்த அடி விழுந்தபோது அவள் கை சரியாக அந்த இடத்தை அழுத்திப் பிடித்தது, அடி எப்போது விழும் என்று கல்தச்சருக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் உதறவில்லை. அவள் கண்ணிலிருந்து கொட்டியது அவன் பாதத்தில் விழுந்து எண்ணெயோடு சேர்ந்து ஓடியது, அவள் அதையும் சேர்த்து நீவினாள்.

பொழுது சாயும்போது அங்கே உளிச் சத்தம் நின்றது, இங்கே வலி நின்றது. அவள் மடியில், வழுவழுவென்று மூடியிருந்த இடத்தில், ஒரு சுண்டுவிரல் இருந்தது. நகம்கூட இருந்தது. வேடியப்பன் துண்டை வாயிலிருந்து எடுத்தான். சபையில் கேட்க முடியாததைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது.

"பெரியம்மா, இது ஆரு காலு?"

அவள் விரல்களை எண்ணினாள், குழந்தையில் குளிப்பாட்டும்போது எண்ணின மாதிரி, பெருவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு. ஐந்தாவதுக்கு வந்ததும் கை நின்றது. அந்த விரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் கை தன்னையறியாமல் அதைப் பிடித்து, நேராக்க இழுத்தது. விட்டதும் அது மறுபடி ஏறிக்கொண்டது. அவள் முகம் அப்படியே மலர்ந்து போயிற்று.

"எம் பையன் காலு" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருந்தான். அது வந்தது, ஆனால் அவள் கண் அந்த ஒரு விரலை விட்டு நகரவில்லை. எந்தப் பையன் என்று அவன் கேட்கவில்லை. காலை மெதுவாக அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

ஐப்பசியில் சென்றாயன் வெள்ளைக் கோலைப் பிடித்துப் பாறைமேல் ஏறி நின்றான். இடதுகால் அளவெடுத்த சட்டை மாதிரி தடத்துக்குள் அடங்கியதாம், ஊரே கை தட்டியதாம். வேடியப்பன் போகவில்லை, காட்டில் இருந்தான். ஆனாலும் அந்தக் கணம் இடதுகாலின்மேல் ஓர் ஆள் கனம் ஏறியது, நல்ல கனம், ஜீப் ஓட்டி உட்கார்ந்தே பெருத்த உடம்பு. அன்றிலிருந்து இளம்பட்டம் எப்போது பாறையில் நின்று பேசினாலும் வேடியப்பன் வேலையை நிறுத்திவிட்டு, அவன் பேசி முடித்து இறங்கும்வரை, எங்கே இருக்கிறானோ அங்கேயே உட்கார்ந்துவிடுவான். குறை தீர்ந்து காலு முழுசாயிருச்சே என்று பார்க்கிறவர்கள் மனசார சந்தோஷப்பட்டார்கள், அடுத்த முறை நீயும் போட்டியில் நிற்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். பொறியைப் பற்றி இனி எவனிடம் சொல்ல முடியும், காட்டுவதற்கு இருந்த ஒரே அடையாளமும் போய்விட்டது. அவன் பெரியம்மா வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தித் தானே சமைத்துக்கொண்டான்.

மங்காயி மட்டும் வழக்கத்தை விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கிண்ணத்தோடு பாறைக்கு ஏறிப்போய், குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் நீவிவிட்டு வருகிறாள். சாயங்காலம் எண்ணெய் மினுமினுப்பு வந்ததும் வேடியப்பன் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வாசற்கல்லில் உட்காருவான். குதிகாலைத் தேய்ப்பான், உள்ளங்காலைத் தேய்ப்பான், நாலு விரலையும் பொட்டு எண்ணெய் இல்லாமல் தேய்த்துக் கழுவுவான். ஐந்தாவது விரலைத் தொடமாட்டான். அவள் தடவியது அவள் பையனுக்கு, அதைக் கழுவ இவன் யார்.